முடுக்குக் கதவுக்கு வந்த ஷோகேஸ்

காஜா முஹ்யித்தீன் சவூதியின் தம்மாமிலிருந்து ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தபோது அவரோடு நான்கு பெட்டிகள் வந்தன. ஒன்றில் உடுப்பு. மற்ற மூன்றிலும் ஒரு டிரில்லிங் மிஷின், அதற்கு நூற்றுப் பன்னிரண்டு முனைகள், பசை டப்பாக்கள், பழைய பால்பவுடர் டின் நிறையக் கோணல் ஆணிகள். ஊரில் மற்றப் பெண்களின் மாப்பிள்ளைமார் அத்தரும் கம்பளியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள். ஹாஜரா பீவிக்கு வாய்த்தவர் கோணல் ஆணி கொண்டுவந்தார்.

“இத எதுக்கு அங்கனருந்து சுமந்துட்டு வந்தீங்க?” என்று கேட்டாள்.

“நிமித்துனா புது ஆணிதானே. துட்டு குடுத்து வாங்கணுமா?”

நிமிர்த்தவும் செய்தார். மூன்று நாள் முற்றத்தில் குந்தியிருந்து டொக்கு டொக்கென்று தட்டினார். நிமிர்ந்த ஆணிகளில் பாதி சுவரில் இறங்கும்போது மறுபடி கோணியது. மீதிப் பாதி சுவரையே பெயர்த்தது. ஹாஜரா சமையலறையிலிருந்து பார்த்துவிட்டு, உதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் இழுத்துக்கொண்டு, மீன் கழுவப் போய்விட்டாள். அந்த உதட்டிழுப்புக்கு அன்றைக்குத்தான் துவக்கம். அடுத்த ஒன்பது மாதமும் அதற்கு ஓய்வே கிடைக்கவில்லை.

மனிதர் இருபத்தாறு வருஷம் தம்மாமில் ஒரு உதிரிப்பாகக் குடோனில் ஸ்டோர்கீப்பர். அட்டைப்பெட்டி, கயிறு, மரச்சட்டம் எதையும் எறியாமல் அடுக்கிவைப்பதுதான் அங்கே வேலை. இரண்டு வருஷத்துக்கொருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். முன்கூடத்தில் உட்காருவார், சாப்பிடுவார், தொழுகைக்குப் பள்ளிக்குப் போவார், சாயங்காலம் கடற்கரையில் கூட்டாளிகளோடு இருப்பார், போய்விடுவார். காயல்பட்டினத்தில் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. உம்மா மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். காஜா பிறந்த வீடு அவருடைய தங்கச்சிக்குப் போயிற்று. ஹாஜராவின் வீடு ஹாஜராவுக்கு. ஆக, ஐம்பத்து நான்கு வயதில் ஊருக்கு வந்த மனிதருக்குச் சுவரென்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, கண்ணில் பட்ட சுவரிலெல்லாம் துளை போட்டார். இது ஹாஜராவுக்குப் புரியாமலில்லை. புரிந்ததனால் எரிச்சல் கூடியதே ஒழியக் குறையவில்லை.

ஊர் வந்த ஒரு வாரத்தில் போனில் வீடியோ பார்க்கக் கற்றுக்கொண்டார். பழையதைப் புதிதாக்குவது எப்படி, குப்பையில் கிடப்பதை அலங்காரமாக்குவது எப்படி என்று எவனெவனோ சொல்லிக்கொடுத்தான். அத்தனை பேர் பேச்சையும் காஜா கேட்டார். வீட்டுக்காரி பேச்சைத் தவிர.

சித்திரையில் வெயில் ஏறியதும் மாடி அறையைக் குளுமையாக்கப் போகிறேன் என்று புறப்பட்டார். அதற்குத் தெர்மோகோல் பலகை வேண்டும். கடையில் வாங்கினால் காசு. மீன் ஏலம் போடும் இடத்தில் உடைந்த தெர்மோகோல் பெட்டிகள் சும்மா கிடக்கின்றன. ஒரு மினிவேன் நிறைய அள்ளிக்கொண்டு வந்து, சோப்புப் போட்டுக் கழுவி, துண்டு துண்டாக அறுத்து, அறையின் மச்சு முழுவதும் ஒட்டினார். சூடு குறைந்ததா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. சாளை வாடை அப்படி. தெருப் பூனைகள்தான் போயின. ஜன்னல் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து மச்சையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

“வாடை கொஞ்ச நாள்ல போயிரும்” என்றார்.

“நீங்க போயிருந்தப்ப இங்க ஒரு வாடையும் இல்ல” என்றாள் ஹாஜரா.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுதான் அந்த மனிதரிடம் அவளுக்குத் தாளமாட்டாத குணம். எவ்வளவு குத்தினாலும் இறங்காது. எருமைக்குக்கூடக் கொஞ்சம் சுரணை உண்டு.

ஆனியில் கச்சான் காற்று பிடித்தது. ஊரே கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கண்ணில் மண் விழாமல் இருக்கிற காலத்தில், இவர் மாடியில் தொங்கும் தோட்டம் போட்டார். தண்ணீர் பாட்டில்களைக் குறுக்கே வெட்டி, மண் நிரப்பி, புதினா நட்டு, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார். இரண்டாம் நாள் கச்சான் அதைத் தூக்கிக்கொண்டு போய் நான்கு வீடு தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டது. மன்னிப்புக் கேட்டு ஒரு தூக்குச் சட்டி நிறையக் கறியாணம் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. யார் ஆக்கியது? ஹாஜராதான்.

ஆவணியில் சிப்பி. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் சங்கையும் கொண்டு கண்ணாடிக்குச் சட்டம் போட்டார். கடற்கரை ஊரில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், உயிரோடு ஒதுங்கிய சிப்பியை அவித்துக் கழுவாமல் வைக்கக் கூடாதென்று. காஜாவுக்குப் பாலைவனத்தில் அது மறந்துபோயிற்று. நான்காம் நாள் தலைவாரப் போன மகள் யுஸ்ரா, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். ஆனாலும் அவள் சொன்னது, “வாப்பா, டிசைன் சூப்பரா இருக்கு. வாடை மட்டும்தான்.”

வீட்டில் அவருக்கிருந்த ஒரே ஆள் இந்த யுஸ்ராதான். இருபத்திரண்டு வயது, பி.காம். முடித்தவள். அவர் ஏணியில் நின்றால் டார்ச் பிடிப்பாள். பிய்ந்து விழுந்தால் பொறுக்கிக் கொடுப்பாள். அவர் செய்ததைப் போட்டோ எடுத்துச் சென்னையிலிருக்கும் அக்கா ஆமிராவுக்கு அனுப்புவாள். உம்மா உதட்டை இழுக்கும்போதெல்லாம் மகள் கைதட்டுவாள். அது ஹாஜராவுக்கு இன்னும் எரிச்சல்.

அந்த யுஸ்ராவுக்குத்தான் மாப்பிள்ளை பேசியிருந்தது. தூரத்தில் தேடவில்லை. வீட்டின் பக்கவாட்டில் ஒரு முடுக்கு. இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு வீட்டுச் சுவரும் தட்டுப்படும், அவ்வளவு குறுகல். பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருவது அதன் வழியாகத்தான். ஆண்களுக்குத் தெருவாசல், பெண்களுக்கு முடுக்குவாசல். ஆண்பிள்ளை யாராவது முடுக்கில் கால் வைக்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே குரல் கொடுத்து, பெண்கள் உள்ளே போனபிறகுதான் வருவான். ஹாஜராவின் முடுக்குக் கதவுக்கு நேர் எதிரே இன்னொரு கதவு. அது ஜைனம்புவின் வீடு. ஹாஜராவும் ஜைனம்புவும் ஒரே மதரஸாவில் ஓதியவர்கள், ஒரே வருஷம் நிக்காஹ் ஆனவர்கள். முப்பது வருஷமாக ஒருத்தி வீட்டில் ஆக்கியது மற்றவள் வீட்டுக்குப் போகாத நாளில்லை. ஜைனம்புவின் மகன் முஜாஹித், தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்ப்பவன். நல்ல பையன். யுஸ்ராவுக்கும் அவன் பேரில் மனது உண்டு என்பது ஹாஜராவுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. முடுக்கில் அவனுடைய உம்மா குரல் கேட்டால் பெண் முகம் கழுவிக்கொண்டு வருவதைப் பார்த்தால் போதாதா?

புரட்டாசிக் கடைசியில் ஆமிராவுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியது. ஹாஜராவும் யுஸ்ராவும் சென்னைக்குக் கிளம்பினார்கள். புறப்படுகிற அன்று ஜைனம்பு முடுக்குக் கதவில் நின்று சொன்னாள்:

“ஏளா, போயிட்டு நல்லபடியா வா. நீ வந்த மறுநாளே இந்தக் கதவு வழியா முறையாப் பொண்ணு கேட்டு வாரோம். என் கொழுந்தி, நாத்தி எல்லாத்தையும் கூட்டிட்டு. இன்ஷா அல்லா.”

ஹாஜரா உள்ளே வந்து புருஷனிடம் சொன்னாள். பெண் கேட்டு வரப்போகிறார்கள், மாப்பிள்ளை இருக்கப்போகிற அறையை வெள்ளையடித்துச் சுத்தமாக வைக்க வேண்டும், ஆள் வைத்துச் செய்யுங்கள் என்று. அவள் செய்த பிழை அந்த ஒன்றுதான். செய்யுங்கள் என்ற வார்த்தையை அந்த மனிதரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஆமிராவுக்குப் பெண் பிறந்தது. ஹாஜரா நாற்பது நாள் கணக்குப் போட்டுப் போனவள், ஆமிராவின் மாமியார் வந்துவிட்டதால் இருபத்தைந்தாம் நாளே திரும்பினாள். இடையில் ஜைனம்புவுக்கு இரண்டு தடவை போன் போட்டாள். இரண்டு தடவையும் பேச்சு ஒட்டவில்லை. “ஆங்”, “சரி”, “நல்லது” என்று ஜைனம்பு வெட்டி வெட்டிப் பேசினாள். மழைக்காலம், மூட்டுவலியாயிருக்கும் என்று ஹாஜரா நினைத்துக்கொண்டாள். காஜாவோ தினமும் பேசினார். “வீட்டுல ஒரு சர்ப்ரைஸ் இருக்கு” என்று மட்டும் சொன்னார். சர்ப்ரைஸ் என்றால் எதுவோ நாறும், எதுவோ விழும், அவ்வளவுதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். தெருவாசலிலேயே ஒரு பழைய மீன்வலை தோரணமாகத் தொங்கியது. அதில் கோழிமுட்டை ஓடுகளுக்குச் சாயம் தோய்த்துக் கட்டியிருந்தார். ஹாஜரா குனிந்து அதைத் தாண்டினாள். மாப்பிள்ளை அறையை எட்டிப் பார்த்தாள். துறைமுகத்துச் சரக்குப் பலகைகளை தூத்துக்குடிப் பக்கம் மாப்பிள்ளையூரணிப் பழைய மரக்கடையில் வாங்கி வந்து கட்டில் செய்திருந்தார். பலகையில் ஏதோ நாட்டு எழுத்தில் அச்சடித்தது அப்படியே இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் மட்டும் நல்ல கனத்த தேக்குப் பலகை. அதன்மேல் சிப்பியால் ‘நல்வரவு’ என்று ஒட்டியிருந்தது. ‘ந’வில் ஒரு சிப்பி அதற்குள்ளேயே விழுந்துவிட்டிருந்தது.

அவள் பர்தாவைக் கூடக் கழற்றவில்லை. போனில் பேத்தி படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஜைனம்புவிடம் காட்டுவதற்காக முடுக்குக் கதவுக்குப் போனாள்.

கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. ஒரு ஷோகேஸ் இருந்தது. ஐந்து தட்டு. ஒவ்வொரு தட்டிலும் சாயமடித்த பாட்டில்கள், தம்மாம் டீ கிளாஸ்கள், குடோன் கம்பெனி கொடுத்த ஒரு கேடயம். காஜா சுவரோரமாக ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு காத்துநின்றவர், தட்டினார். தட்டுகளின் ஓரமெல்லாம் நீலமும் சிவப்புமாக விளக்கு ஓடிற்று.

“எப்பிடி?” என்றார்.

“கதவு எங்க?”

“அது சும்மா கெடந்த கதவுதானே ஹாஜரா. மழைத்தண்ணி பூரா அதுக்கடியிலதான் உள்ள வந்துச்சு. எடுத்துட்டு ஹாலோபிளாக் வச்சு அடைச்சிட்டேன். நானே பூசுனேன். ஒரு கொத்தனாரு கெடையாது. மண்ணு நம்ம கடக்கரை மண்ணுதான், ஒத்தப் பைசா செலவில்ல. கதவு நல்ல தேக்கு, வீணாக்கலாமா? மாப்ள கட்டிலுக்குத் தலைமாடு ஆயிட்டு.”

ஹாஜரா ஷோகேஸின் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். கடற்கரை மண்ணில் பூசிய பூச்சு மழை ஈரத்தில் வியர்த்து, உப்புப் பூத்து, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்துகொண்டிருந்தது.

“முடுக்குப் பக்கமும் பூசுனீங்களா?”

“அதெப்பிடி? ஆம்பள நான் முடுக்குல போயி நின்னு பூச முடியுமா? உள்பக்கம் மட்டுந்தான். வெளிய எவன் பாக்கப் போறான்?”

எவனும் பார்க்கமாட்டான். உண்மைதான். அந்த முடுக்கில் போய்வருகிற அத்தனை பெண்களும் பார்த்திருப்பார்கள். பூசாத பச்சைக் கல்லு, நடுவில் பிதுங்கி வழிந்து காய்ந்த சாந்து. ஜைனம்பு தன் கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே அதுதான்.

அந்த முடுக்கில் கதவு அடைபட்ட கதை ஹாஜராவுக்குத் தெரிந்து மூன்று உண்டு. ஒன்று, அக்கா தங்கச்சி நகைத் தகராறில். ஒன்று, தலாக் ஆன வீட்டில். மூன்றாவது எதற்காக என்பதே மறந்துபோயிற்று, சுவர் மட்டும் இருக்கிறது. இனி உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சொல்ல அந்த முடுக்கில் வாயைத் திறக்க வேண்டியதில்லை, கதவைக் கல்லால் அடைத்தால் போதும். இதெல்லாம் பெண்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் முன்கூடத்தில் உட்கார்ந்து தின்றவருக்குத் தெரியாது. இந்த வழியாகப் பெண் கேட்டு வருகிறோம் என்று ஜைனம்பு சொல்லிவிட்டுப் போன வழியை, அவள் சொல்லி ஒரு மாதம்கூட ஆகாமல் அடைத்துவைத்திருக்கிறார். வருகிறவர்கள் தெருவாசலில், மீன்வலைத் தோரணத்துக்கடியில் வருவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

“ஜைனம்பு வீட்டுக்காரரப் பள்ளியில பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“தினமும் பாக்கேன். ஸலாம் சொல்லுதேன். பதில் சொல்லுவாரு. கொஞ்சம் முனங்குத மாதிரி இருக்கு, தொண்டைக்கட்டு போல.”

ஹாஜரா அவருடைய டூல்பெட்டியைத் திறந்து பெரிய சுத்தியலை எடுத்தாள். யுஸ்ரா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக ஷோகேஸை இழுத்தார்கள். நிமிர்த்திய ஆணியில் நின்றது, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பாட்டில்கள் உருண்டு உடைந்தன. விளக்கு மட்டும் தரையில் கிடந்து நீலமும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. காஜா, “மெல்ல, மெல்ல” என்றார். அவள் சுவரில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து சாந்து அரிசிமாவாய் உதிர்ந்தது. இரண்டாவது அடியில் மேல்வரிசை முடுக்குக்குள் விழுந்தது. நாலாவது அடிக்குச் சுவரே இல்லை. அவர் செய்த அத்தனை வேலையிலும் ஹாஜராவுக்கு உதவிய வேலை அது ஒன்றுதான்: நிற்காத சுவர்.

கல்லை மிதித்துக்கொண்டு முடுக்கைத் தாண்டி எதிர்க்கதவைத் தட்டினாள். தாழ் போடவில்லை, கை வைத்ததும் திறந்தது. திறந்த கதவுக்கு உள்ளே இரும்பு அலமாரி ஒன்றின் முதுகு நின்றது. இந்தப் பக்கம் சுவர் வைத்தார்கள் என்றதும் அந்தப் பக்கம் அலமாரியை வைத்துவிட்டாள்.

“ஜைனம்பு! ஏளா ஜைனம்பு!”

உள்ளே நடமாட்டம் கேட்டது. அலமாரிக்கும் நிலைக்கும் நடுவில் நாலு விரல் சந்து. அதில் ஜைனம்புவின் ஒரு கண்ணும் பாதித் தலைத்துணியும் தெரிந்தன.

“என்ன வேணும்?”

“இந்தச் சுவரு நான் வச்சதில்ல. நான் சென்னையில இருந்தேன். அந்த மனுசன் செஞ்ச வேல. அல்லாமேல ஆணையா எனக்குத் தெரியாது.”

“உன் வீடு. உனக்குத் தெரியாம உன் வீட்டுல சுவரு முளைக்குமா?”

“தெரியாதுன்னு சொல்லுதேம்லா! நீ போன்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா?”

“ரெண்டு தடவ பேசுன. பேத்தியப் பத்திப் பேசுன. சென்னை மழையப் பத்திப் பேசுன. சுவத்தப் பத்தி வாயத் தொறக்கல. கல்ல வச்சு அடைச்சவகிட்ட நான் வேற போயிக் கேட்டு, வாயால ஒரு தடவ வாங்கிக் கட்டிக்கணுமாக்கும்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருக்கலாமே. என் பிள்ளைக்குச் சுவத்தக் கட்டித்தான் பதில் சொல்லணுமா?”

அவள் குரல் உடைந்தது. ஹாஜரா சந்தில் விரலை நுழைத்தாள். இப்போதே எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்று அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஜைனம்பு கோபக்காரிதான், ஆனால் அழுதுவிட்டால் இறங்கிவிடுவாள், அதை முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

“இன்னைக்கே வா. இப்பவே வா. கொழுந்தி நாத்தி எல்லாத்தையும் கூட்டிட்டு இந்த ஓட்ட வழியாவே வா. நான் உக்காந்து எல்லார் காலயும் புடிக்கேன்.”

ஜைனம்பு தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“போன வெள்ளிக்கிழம அடுத்த தெருவுல பேசி முடிச்சிட்டோம் ஹாஜரா. ஃபாத்திஹா ஓதியாச்சு. வாக்குக் குடுத்த வீட்டுல போயி என்னன்னு சொல்ல? அவுகளும் பொம்பளப் பிள்ள வச்சிருக்கவுகதான்.”

பிறகு அவள், “அலமாரிய நவுத்திடுதேன். என்னால ஆனது அதுதான்” என்றாள். உள்ளே தரையில் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. அலமாரி விலகி முழு முகமும் தெரிந்தது. ஜைனம்பு ஹாஜராவின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். ஹாஜரா திரும்பினாள். சுவர் இருந்த இடத்தில் யுஸ்ரா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தலையில், கண்ணிமையில் எல்லாம் வெள்ளைத் தூசி.

ஹாஜரா வீட்டுக்குள் வந்தாள். என்ன சொல்லித் திட்டுவதென்று தேடினாள். ஒன்பது மாதமாக நாக்கில் நின்ற வார்த்தைகள் ஒன்றும் இதற்குப் போதவில்லை. காஜா முஹ்யித்தீன் உடைந்த சுவரோரம் குந்தியிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும், நாலு முழம் தூரம்தான். முகம் வெளிறியிருந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. விழுந்த கற்களில் உடையாததாகப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது.

“நான் அந்தக் கதவு வழியா ஒரு தடவகூட வந்ததில்லையே ஹாஜரா” என்றார். “யாரும் எனக்கு ஒண்ணும் சொன்னதில்ல.”

“நீங்க கேட்டதில்ல.”

“ஜைனம்பு வீட்டுக்காரர்ட்ட நான் பேசுதேன். பள்ளியில வச்சு...”

“என்ன பேசுவீங்க? தண்ணி வந்துச்சு அடைச்சேன்னா? போய்ப் பேசுங்க. வீட்டுக்கு ஒரு மாப்ள வரப்போற வாசல அடைச்சு, அந்த வாசக்கதவுலயே அந்த மாப்ளைக்குக் கட்டில் செஞ்ச ஒரே மாமனாரு நாந்தான்னு சொல்லுங்க.”

அவர் கையிலிருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வாய்க்கு வந்ததைச் சொல்லும் மனிதர் சொல்வது போல, “இதுல பதினோரு கல்லு உடையல. மாடியில ஒரு தொட்டி...” என்று ஆரம்பித்தார்.

“வாப்பா” என்றாள் யுஸ்ரா.

அவள் கத்தவில்லை. டார்ச் பிடிக்கும்போது பேசுகிற அதே குரல்தான்.

“இனிமே ஒண்ணும் செய்யாதீங்க வாப்பா.”

ஒன்பது மாதம் ஹாஜரா குத்தியும் இறங்காதது அப்போது இறங்கிற்று. அவள் தன் கண்ணால் பார்த்தாள். கல்லைக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் பக்கத்துச் சுவரைப் பிடித்தார். பிடித்த இடத்தில் பூச்சு உதிர்ந்தது. பிறகு எழுந்து போய் டிரில்லிங் மிஷினை எடுத்துத் துடைத்து, நூற்றுப் பன்னிரண்டு முனைகளையும் அதனதன் பள்ளத்தில் பொருத்தி, பெட்டியை மூடினார். ஹாஜராவுக்குப் பாவமாக இருந்ததா? இல்லை. இருக்க வேண்டுமென்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. உள்ளே யுஸ்ரா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற சத்தம் கேட்டதும் அதுவும் போயிற்று.

நான்கு நாள் கழித்து ஆறுமுகனேரியிலிருந்து சிவனணைந்தபெருமாள் ஆசாரியை வரவழைத்தாள். கதவைக் கட்டிலிலிருந்து கழற்றி மறுபடி முடுக்குவாசலில் மாட்ட வேண்டும். ஆசாரி முடுக்கில் நுழையுமுன் யுஸ்ரா, “ஆம்பள வாராக” என்று குரல் கொடுத்தாள். எதிர்வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அந்த வீட்டில் நிக்காஹ் வேலை துவங்கியிருந்தது, உள்ளே நாலைந்து பெண்களின் சிரிப்பு.

ஆசாரி தேக்குப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்து பார்த்தார். கீல் இருந்த பள்ளத்தில் சிமெண்ட் அப்பியிருந்தது. மேலே எட்டு ஆணி, எட்டும் எட்டு விதமாய்க் கோணல். நடுவில் பசை காய்ந்து, ‘வரவு’ மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. உளியின் முனையால் ஒரு சிப்பியைத் தட்டிவிட்டார்.

“நூறு வருசத்து மரம். இப்பிடிப் பாழாக்கி வச்சிருக்கே. எந்த ஆசாரி தாயி செஞ்சான் இந்த வேலய?”

ஹாஜரா திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். முன்கூடத்தில் காஜா முஹ்யித்தீன் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, இருபத்தாறு வருஷமாக லீவுக்கு வந்து உட்காருகிற அதே இடத்தில், உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்கும்படியாகவே அவள் சொன்னாள்.

“ஆசாரி இல்லண்ணாச்சி. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தரு.”

அவர் தலையைத் திருப்பவில்லை. ஆசாரி அடுத்த சிப்பியைத் தட்டினார்.